நாற்பத்திரண்டு அடித் திமிர்

12 மார்ச் 2012, திங்கள்

நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்பது என் கருத்து. இன்று நானும் அந்தக் கும்பலில் சேர்கிறேன். விரும்பி அல்ல. சீமையில் பழைய மரப் படகுகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறதாம். அவர்கள் அனுப்பிய விதிமுறையில், படகைப் பழுது பார்க்கும் நாட்களில் பொறுப்பான ஒருவர் தினக்குறிப்பு வைக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. தூத்துக்குடியில் பொறுப்பான ஒருவர் என்றால் பர்னபாஸ் மோத்தா என்கிற என்னை விட்டால் வேறு யார்? முப்பத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவன். ஆய்வுக்கூடம் ஒரே ஒரு தடவைதான் தீப்பிடித்தது. அவர்களுக்கு ஒரு சுத்தப் பிரதி போகும். இது எனக்கு.

விஷயம் இதுதான். என் மாமனார் தொபியாஸ் பெரைரா விட்டுப்போனதில் வீடு போச்சு, உப்பளம் போச்சு, மிஞ்சியது ஒரு படகு. பெயர் ‘பரலோக மாதா’. நாற்பத்திரண்டு அடி. 1911இல் இங்கிலாந்தில் மரத்தால் கட்டிய மோட்டார் யாட், அதாவது காசுள்ளவன் கடலில் சும்மா சுற்றி வருவதற்கான படகு. 1988இலிருந்து என் மைத்துனன் காஸ்மாஸின் உப்புக் கிட்டங்கியில் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாதி அவனுக்கு, பாதி என் மனைவி எமில்டாவுக்கு. அவன் அதை ஒரு ஓட்டலுக்குப் பேசி முடித்துவிட்டான். அவர்கள் குறுக்கே அறுத்து முன்பாதியைச் சாராயக் கடை மேசையாக வைப்பார்களாம். நூறு வயதுப் படகுக்கு இப்படி ஒரு பதவி உயர்வு.

எமில்டா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். “ஒரு தடவ அதுல ஏறிக் கடலுக்குப் போயிட்டு வாரேன். அப்புறம் அறுங்க, எரிங்க, என்னமும் செய்யுங்க” என்றாள்.

ஏனென்றால் அவள் அதில் ஏறியதே இல்லை. வயது அறுபது. சொந்த அப்பாவின் படகு. பெண் கால் பட்டால் படகுக்கு ஆகாது என்று இந்தக் கரையில் சிலர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாதா பெயரை வைத்துவிட்டு, மாதாவைத் தவிர வேறு பெண் ஏறக் கூடாது என்பது என்ன கணக்கோ. என் மாமனார் கட்டுப்பாடு அப்படி. அதற்கு நான் என்ன செய்ய?

கடைசியில் ஒரு உடன்பாடு. ஏப்ரல் 30 அன்று சங்கம் ஒரு சர்வேயரை, அதாவது படகுகளைச் சோதித்துச் சான்று தருகிறவரை, அனுப்பும். படகு சொந்த எஞ்சினில் இரண்டு மணி நேரம் கடலில் ஓடி, மூழ்காமல் திரும்பினால் பதிவேட்டில் சேர்ப்பார்கள். பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு, யாரும் அறுக்க முடியாது. ஓடாவிட்டால் மே ஒன்றாம் தேதி ரம்பம். அக்காவும் தம்பியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குக் கடல் பிடிக்காது என்று ஊரில் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. எனக்குக் கரை பிடிக்கும், அவ்வளவுதான்.

15 மார்ச், வியாழன்

ஓடாவி கிளாடியஸ் வந்து பார்த்தான். ஓடாவி என்றால் படகுத் தச்சன். என் பழைய மாணவன். பத்தாம் வகுப்பில் வேதியியலில் நூற்றுக்குப் பதினொன்று போட்டேன். அது அவனுக்கும் ஞாபகம் இருக்கிறது. இப்போது ஃபைபர் படகு செய்து பங்களா கட்டியிருக்கிறான்.

படகுக்குள் ஏறி நின்று பலகை இடுக்குகள் வழியாக வெளியே பார்த்தான். “சார், உள்ள நின்னா ரோட்டுல போற பஸ் நம்பர வாசிக்கலாம்” என்றான். இருபத்து நாலு வருடம் தண்ணீர் படாமல் காய்ந்து பலகைகள் சுருங்கிவிட்டனவாம். மேலே தேக்கு. கீழே ஏதோ சீமை மரம், அதுதான் அதிகம் சுருங்கியிருக்கிறது.

வைத்தியம் என்ன என்று கேட்டேன். இடுக்குகளில் பஞ்சைத் திரித்து உளியும் சுத்தியலும் வைத்துத் தளர்வாக அடிக்க வேண்டும். அதற்குக் கலப்பத்து என்று பெயர். பிறகு தண்ணீரில் இறக்கி முழுக விட வேண்டும். விளிம்பு வரை தண்ணீர் ஏறி, பத்து நாள் ஊறினால் மரம் வீங்கித் தானாக அடைத்துக்கொள்ளுமாம். ஓட்டைப் படகுக்கு வைத்தியம் அதை முழுக்குவதா என்று கேட்டேன். ஆமாம் சார் என்றான், கூச்சமே இல்லாமல். பதினொன்று போட்டது சரிதான் என்று பட்டது.

19 மார்ச், திங்கள்

சங்கத்துக்குப் படகின் சரித்திரமும் வேண்டுமாம். காஸ்மாஸிடம் கேட்டால், ஒரு கோமகனுக்காகக் கட்டியது, யுத்தத்தில் நீர்மூழ்கியைச் சுட்டது என்று அளக்கிறான். மாமனாரின் தகரப்பெட்டியில் இருந்த காகிதங்களைப் படித்தேன். உண்மை கீழே.

1920இல் கொழும்புக்கு வந்தது. வாங்கியவர் ஒரு தேயிலைத் தோட்டத் துரை. சீட்டாட்டத்தில் தோட்டத்தைத் தோற்று, நான்கு நாய்களோடு இந்தப் படகிலேயே குடியிருந்தார். அந்த நாற்றம் பற்றித் துறைமுகத்தார் எழுதிய புகார்க் கடிதம் ஒன்று அழகான கையெழுத்தில் இருக்கிறது. 1931இல் தூத்துக்குடிக்கு வந்தது. பருத்தி ஆலை மேனேஜர் ஒருவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பி இதில் மீன் பிடிக்கப் போயிருக்கிறார். 1942இல் கடற்படை எடுத்துக்கொண்டது. நங்கூரம் போட்ட கப்பல்களுக்கு அழுக்குத் துணி ஏற்றி இறக்கியது. ஒருமுறை ஒரு அதிகாரியின் பியானோவை ஏற்றிக்கொண்டு போய்த் தரைதட்டியது. நீர்மூழ்கி எதையும் சுட்டதாகத் தெரியவில்லை. 1949இல் மாமனார் வாங்கினார். முதல் சொந்தக்காரர் யார் என்று மட்டும் தெரியவில்லை. சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருக்கிறேன்.

1974இல் எமில்டா ஏறிப் பார்க்க ஆசைப்பட்டாள். மாமனார் சம்மதிக்கவில்லை. அதை அவளிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. மூன்று நாள் அழுதாள். இந்தப் பத்தி சுத்தப் பிரதியில் வேண்டாம்.

26 மார்ச், திங்கள்

கிளாடியஸ் பஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டான். மீன்பிடிப் படகின் டீசல் எஞ்சின் ஒன்றைப் பழையது இருந்த இடத்தில் உட்கார வைத்தாயிற்று. படகை முழுக்கும்போது கழற்றிக்கொள்ளலாமாம். ஒத்திகை பார்க்க ஏறச் சொன்னார்கள். முழங்கால் வலி, ஏறவில்லை.

எமில்டா தினமும் காலையில் நவநாள் ஜெபத்துக்குப் போகிறாள். படகுக்காகவாம். ஜெபத்தில் முகம் இப்படிக் கறுக்குமா? கோயில் கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

30 மார்ச், வெள்ளி

சங்கத்திலிருந்து தபாலில் பதில். மார்ச் 20 தேதியிட்டது. முதல் சொந்தக்காரர் கோமகனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஹாரியட் பிங்லி என்ற கல்யாணமாகாத பெண். அப்பாவின் சோப்புக் கம்பெனிப் பணத்தில் தானே சொல்லிக் கட்டியிருக்கிறார். தானே ஓட்டியிருக்கிறார். எஞ்சின் புகையில் முகமெல்லாம் கரியாக ஒரு புகைப்படம், பல்லைக் காட்டிச் சிரிக்கிறார். ஆண்கள் மட்டும் என்று போட்ட ஒரு பந்தயத்தில் கேட்காமல் நுழைந்து மூன்றாவதாக வந்தாராம். அப்போது படகுக்குப் பெயர் ‘இம்ப்யூடன்ஸ்’. தமிழில் சொன்னால் திமிர்.

ஆக, ஒரு பெண் தனக்காகக் கட்டி, தானே ஓட்டிய படகில் பெண்களை ஏற்றாமல் நாம் இத்தனை வருடம் மரியாதை காத்திருக்கிறோம்.

கடிதத்தை எமில்டாவிடம் இன்னும் காட்டவில்லை. தகவல்களைச் சரிபார்க்க வேண்டும். வேதியியல் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அதை அவள் தொடமாட்டாள்.

4 ஏப்ரல், புதன்

பெரிய வாரம். கிளாடியஸ் உளியையும் சுத்தியலையும் கழுவி எண்ணெய் போட்டு, துணியில் சுற்றிக் கட்டிவிட்டான். ஆண்டவரை ஆணி அடித்த வாரத்தில் எங்கள் ஓடாவிகள் யாரும் சுத்தியலைத் தொடமாட்டார்கள். உயிர்ப்பு ஞாயிறு முடிந்துதான் வேலை. அடியில் இடது பக்கம் முழுக்க இன்னும் திறந்து கிடக்கிறது. இருப்பதோ இருபத்தாறு நாள். கெஞ்சிப் பார்த்தேன். நீங்க ஞானஸ்நானம் வாங்கின ஆளுதானா சார் என்று கேட்டான்.

ஆணி அடிக்கக் கூடாது, சரி. பசை பூசக் கூடாது என்று எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறது?

6 ஏப்ரல், பெரிய வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. முழங்கால். கிட்டங்கியில் சில்லறை வேலை.

7 ஏப்ரல், சனி

கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒட்டிக்கொண்டுவிட்டன. எமில்டா மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துப் பிரித்துவிட்டாள். எதை ஒட்டினீங்க என்று கேட்டாள். மூக்குக் கண்ணாடி என்றேன். மூக்குக் கண்ணாடி அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மூக்கின்மேல் முழுசாக இருந்தது.

10 ஏப்ரல், செவ்வாய்

படகைத் தண்ணீரில் இறக்கினோம். காஸ்மாஸ் ஆசையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தான். முழுகவே இல்லை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. இடது பக்கம் கல்லுமாதிரி இருந்தது. நான் விடுமுறையிலேயே பஞ்சடைத்துப் புது வர்ணமும் பூசிவிட்டதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். காஸ்மாஸ் முகம் சுருங்கிப்போனது. எமில்டா சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் பிடித்தது போல.

கிளாடியஸ் மட்டும் தலையைச் சொறிந்தான். காய்ந்த மரம் ஒழுகாமல் இருக்கக் கூடாதே சார் என்றான். ஒழுகினாலும் குறை, ஒழுகாவிட்டாலும் குறை. சில பேருக்கு வெற்றியைக் கண்டால் பயம்.

13 ஏப்ரல், வெள்ளி

படகுக்குள்ளிருந்து டப் என்று ஒரு சத்தம். எலியாக இருக்கும்.

14 ஏப்ரல், சனி

வருடப் பிறப்பு. எலி இரண்டு முறை.

16 ஏப்ரல், திங்கள்

எலி இல்லை.

எழுதிவிடுகிறேன், வேறு வழியில்லை. பெரிய வெள்ளியும் சனியும் நான் இடது பக்க இடுக்குகள் முழுவதும் எப்பாக்ஸி நிரப்பினேன், வலது பக்கப் பஞ்சின் மேலும் பூசினேன். இரண்டு டப்பாவையும் கலந்தால் இறுகிக் கல்லாகும் பசை. அதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன், பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். மரம் தண்ணீர் குடித்து வீங்கும் என்று பதினொரு மார்க் வாங்கியவன் முதல் நாளே சொன்னான். வீங்கினால் அதற்கு இடம் வேண்டும், பஞ்சு நசுங்கி இடம் கொடுக்கும், பசை கொடுக்காது என்று நான் யோசிக்கவில்லை. ஆறு நாள் வீங்கிய பலகைகள் இடமில்லாமல் நெருக்கி, உள்ளே இருந்த வங்குகளை, அதாவது படகின் விலா எலும்புகளை, முறித்துவிட்டன. மொத்தம் நான்கு. நூற்றொரு வருடம் நாய்களும் பியானோவும் முறிக்காததை நான் முறித்தேன்.

கிளாடியஸ் வர்ணத்தைச் சுரண்டி, பசையை நகத்தால் தட்டிப் பார்த்தான். திட்டவில்லை. “எனக்கு எத்தன மார்க் போட்டீங்க சார்?” என்று மட்டும் கேட்டான்.

காஸ்மாஸ் ஓட்டல்காரர்களுக்குப் போன் போட்டுவிட்டான்.

எமில்டா என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. வீட்டுக்குப் போய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசை, அதை நான் இரண்டு டப்பா பசையால் அடைத்துவிட்டேன்.

18 ஏப்ரல், புதன்

படகை மறுபடி மேலே ஏற்றியாயிற்று. பசையைக் கொத்தி எடுக்க வேண்டும், மரம் சிதையாமல், இடுக்கு இடுக்காக. முறிந்த வங்குகளோடு புது வங்குகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். பன்னிரண்டு நாளில் முடியுமா என்றால், ஆள் சேர்ந்தால் முடியலாம் என்கிறான் கிளாடியஸ். ஆள் என்றால் நானும் எமில்டாவும். கரையில் கிடக்கும் படகைப் பெண் தொடலாமா என்று காஸ்மாஸ் இழுத்தான். அவள் உளியை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

மத்தியானம் அந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படகுக்கு அடியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள். புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மொத முதலாளியே பொம்பளதானா” என்றாள். பிறகு தேதியைப் பார்த்தாள். “தபாலு ரொம்ப மெதுவா வருது, என்னங்க?”

அவள் உளியை வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தாள். ஒரு சாண் பசை அப்படியே பெயர்ந்து வந்தது.

23 ஏப்ரல், திங்கள்

இரண்டு கையிலும் கொப்புளம். தினமும் காலை இரண்டு மணி நேரம் எமில்டா நவநாளுக்குப் போய்விட்டு வந்து கொத்துகிறாள். நவநாள் என்றால் ஒன்பது நாள். இது ஒரு மாதமாக நடக்கிறது.

27 ஏப்ரல், வெள்ளி

கடைசிப் பலகையிலிருந்தும் பசை போயிற்று. புதுப் பஞ்சு, குங்கிலியம், எண்ணெய். மறுபடி இறக்கினோம். இந்த முறை குபுகுபுவென்று தண்ணீர் ஏறி, அரை மணியில் விளிம்பு வரை முழுகிவிட்டது. ஒரு படகு முழுகுவதைப் பார்த்து மூன்று பேர் சந்தோஷப்பட்டது இந்தத் துறைமுகத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

29 ஏப்ரல், ஞாயிறு

தண்ணீரை இறைத்து வெளியேற்றி, எஞ்சினை மறுபடி பூட்டினோம். இன்னும் ஒழுகுகிறது. கைப்பம்பு வைத்து ஒரு ஆள் அடித்துக்கொண்டே இருந்தால் சமாளிக்கலாம் என்கிறான் கிளாடியஸ். ஊற இன்னும் ஒரு வாரம் வேண்டும். ஒரு நாள்தான் இருக்கிறது.

30 ஏப்ரல், திங்கள், காலை 9.40

இதைத் துறைமுகப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சர்வேயர் ஏழரைக்கே வந்துவிட்டார். குருவிளா என்று பெயர், கொச்சிக்காரர். ஒவ்வொரு வங்கையும் தட்டிப் பார்த்தார். ஒட்டு வேலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பது மணிக்குள் கிளம்ப வேண்டும் என்றார். படகை ஓட்ட காஸ்மாஸ் இரண்டு தோணிக்காரர்களை ஏற்பாடு செய்திருந்தான். அந்தமட்டில் வாக்குத் தவறாதவன்.

எமில்டா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகுக்குள் கால் வைத்தாள். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் கரைக்கு இறங்கிவிட்டார்கள். ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான். தப்பா நினைக்காதீங்க, வழக்கம் என்று சொன்னான். காஸ்மாஸ் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது, பாவம், மறைக்கவும் முயன்றான்.

அவள் முன்னால் போய்ச் சுக்கான் சக்கரத்தைப் பிடித்து நின்றாள். நான் வாயைப் பிளந்தேன். எஞ்சின் பக்கத்திலிருந்து கிளாடியஸ்தான் சொன்னான். அவன் மச்சானுடைய ஃபைபர் படகில் அம்மா ஒரு மாதமாகத் தினமும் காலையில் ஓட்டிப் பழகுகிறார்களாம். நவநாள் நேரத்தில்.

நானும் ஏறினேன். ஏறாமல் எப்படி? கயிறு கட்டிய படகுதான், லேசாக ஆடியது. அதற்கே எனக்கு வயிறு புரண்டது, நெற்றியெல்லாம் வேர்த்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது. அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“எமில்டா, எழுபத்து நாலுல உங்கப்பா வேண்டாம்னு சொல்லல. கூட்டிட்டு வாரும், பாத்துக்கிடலாம்னுதான் சொன்னாரு. நான்தான் பொய் சொன்னேன். மொத தடவ போனப்ப அவரு கால்மேலேயே வாந்தி எடுத்தேன். அத நீ பாத்துரக் கூடாதுன்னு நெனச்சேன்.”

அவள் தலை நிமிரவில்லை. சக்கரத்தை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும். அப்பா சாகுறதுக்கு முந்தி சொல்லிட்டாரு.”

மாமனார் போனது 1988இல். இருபத்து நாலு வருடம் இவள் தெரிந்தே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்றேன்.

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

“இப்ப சொல்லிட்டேனே.”

“சொல்லிட்டீங்க. எறங்குங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. எனக்கு அதைவிட மோசமாக இருந்தது. கைப்பையையும் செருப்பையும் என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு இறங்கினேன். கயிற்றை நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

படகு புகையைக் கக்கிக்கொண்டு போனது. ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று கையை உயர்த்தியபடி நின்றேன். திரும்பவில்லை.

10.30

மீன் கூடையோடு ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டிட்டுப் போனது பொம்பளையாட்டம் இருந்துச்சே, யாருய்யா அது என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்றேன். நீங்க போகலையா என்றார். எறக்கிவிட்டுட்டா என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தையும் மடியிலிருந்த கைப்பையையும் பார்த்துவிட்டு, நிழலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

11.10

தெரியவில்லை. படகு இதற்குள் வந்திருக்க வேண்டும். காஸ்மாஸும் சிரிப்பை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்க்கிறான். அக்காவுக்கு நீச்சல் தெரியுமா அத்தான் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடம் கூட இருந்தும் தெரியவில்லை.

11.25

வருகிறது. இடது பக்கம் தாழ்ந்து வருகிறது, ஆனால் வருகிறது. சர்வேயர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைப்பம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்.

11.40

படிக்கட்டுக்கு இருபது அடியில் வந்து வேகம் குறைந்தது. குருவிளா நிமிர்ந்து பெருவிரலை உயர்த்தி, பாஸ், பாஸ் என்று கத்தினார். கிளாடியஸ் கயிற்றை எறியத் தயாராக நின்றான். நான் பிடிக்கத் தயாராக நின்றேன். எமில்டா சக்கரத்துக்குப் பின்னால் நின்றாள். சேலை முழங்கால் வரை நனைந்து, முகமெல்லாம் எஞ்சின் கரி. என்னைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு சக்கரத்தை முழுக்க அந்தப் பக்கம் திருப்பி, மறுபடியும் கடலைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

விதிமுறை நான்கு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டாவது சுற்று என்று ஒன்று அதில் எங்கேயும் கிடையாது.

வெயில் ஏறிவிட்டது. செருப்பையும் கைப்பையையும் வைத்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.